அது வாது குத்தின கட்டி இல்லை

அம்மாவின் இடது மாரில் கட்டி இருந்தது எங்கள் லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) முழுவதற்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியாது. பண்டாரவளையில் துணிக்கடையில் வேலை செய்துகொண்டு எப்போதாவது லீவில் வருகிற மகளிடம் இதையெல்லாம் யார் சொல்வார்கள்? பீலியில் (மலைத் தண்ணீர் கொட்டும் குழாய்) குளிக்கும்போது நானே பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"வாது குத்திடுச்சு பாப்பா. உப்பு ஒத்தடம் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

மலையில் வேலை செய்யாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். வாது என்றால் தேயிலைச் செடியின் கிளை. எங்கள் பக்கம் சரிவான மலைகள். மேட்டுப் பக்கத்துச் செடி நெஞ்சு உயரத்துக்கு வரும். எட்டிக் கொழுந்து எடுக்கும்போது முற்றின வாது நெஞ்சில் குத்தும், கன்றிப்போகும், பிறகு ஆறிவிடும். இது குத்தாத பெண் எங்கள் தோட்டத்தில் இல்லை. அதனால் மாரில் எந்தக் கட்டி வந்தாலும் பழி வாதின் மேல்தான்.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். "சுத்தமா இல்லை" என்றார், என்னவோ பரீட்சையில் பாஸான மாதிரி. எனக்கு வந்த கோபத்தில் மறுநாளே பதுளை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றினேன்.

அங்கே மமோகிராம் (மாரை அழுத்திப் பிடித்து எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்தார்கள். பிறகு பயொப்சி (கட்டியிலிருந்து சிறு துண்டெடுத்துச் சோதிப்பது). முடிவைச் சொன்ன டொக்டரம்மா சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். அம்மா அவரிடமும் வாது கதையைத்தான் சொன்னார். டொக்டரம்மா பொறுமையாகக் கேட்டார்.

"வாது குத்தினா வலிக்கும், அப்புறம் கரைஞ்சிடும். இது வலிக்கவும் இல்ல, கரையவும் இல்ல. அதனாலதான் இதுக்குப் பயப்படணும், அம்மா."

இதைப் படிக்கிற உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். வலித்தாலும் போய்க் காட்டுங்கள். வலிக்கவில்லை என்றால் ஓடிப்போய்க் காட்டுங்கள்.

மாரை எடுத்தார்கள். கீமோ (நரம்பு வழியாக ஏற்றும் புற்றுநோய் மருந்து) நடந்தது. முடி கொட்டியது. சோற்று வாசனை பட்டாலே குமட்டியது. "சனியன் புடிச்ச மருந்து" என்று திட்டிக்கொண்டே ஒன்றையும் தவறவிடாமல் ஏற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு நிணநீர் வீக்கம் (அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்ததால் நீர் தேங்கிக் கை வீங்குவது) வந்தது. தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமக்க இனி முடியாது என்று ஆனது. அம்மா அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

தோட்டத்தில் அவரைப் பிள்ளைக் காம்பராவுக்கு மாற்றினார்கள். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. நடுவில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆம்பளைகள் எட்டிப் பார்க்காத இடம்.

அங்கேதான் அம்மா அந்த வேலையைச் செய்தார். பால் கொடுக்க மாராப்பை விலக்கி உட்கார்ந்திருந்த பெண்களின் முன்னால் தன் சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டினார். "பாத்துக்கங்கடி. நான் வாது வாதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். ஒவ்வொருத்தியும் தடவிப் பாருங்க, கட்டியிருந்தா என்கிட்ட வாங்க." சில பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் விடவில்லை. யார் புதிதாகப் பிள்ளை பெற்று வந்தாலும் காட்டினார். மேடையேறிப் பேசத் தெரியாத என் அம்மா செய்த இந்தக் காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

நல்லபடியாகச் சில வருடங்கள் கிடைத்தன. என் கல்யாணத்தைப் பார்த்தார். பிறகு நோய் எலும்புக்கு வந்துவிட்டது. எங்கள் லயத்துக் காம்பராவில், எங்கள் நடுவில்தான் போனார்.

அவர் போய் ஒரு வருடம் ஆகவில்லை. அம்மாவின் தங்கை சரசு சித்தி ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, "எனக்கும் இந்தப் பக்கம் வாது குத்திடுச்சுடி" என்றார்.

உடனே கிளினிக்குக்குக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றார். "அக்கா கத்தி வைக்காம இருந்திருந்தா இன்னும் இருந்திருப்பா. கத்தி பட்டாத்தான் அது பரவும்." நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். கத்தி பட்டால் பரவாது என்று டொக்டரம்மா எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குக் கிடைத்த வருடங்களே அந்தக் கத்தி கொடுத்தவைதான். சித்தி காதில் வாங்கவில்லை. ஏசினால் கேட்கிற ரகமும் இல்லை. எனக்கோ இன்னொரு சாவைப் பார்க்கத் தெம்பில்லை.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளைக் காம்பராவுக்கு வந்துபோன பெண்கள், என் அம்மா பார்வதியின் பெயரில் ஏதாவது செய்யவேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். பெரகல சந்தியிலிருந்து அப்புத்தளை வரை ஒரு நடை. தோட்டங்களிலிருந்து பெண்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேன் பிடிப்பதற்கு வழியில் உண்டியல் குலுக்குவது. நடை முடியும் மண்டபத்தில் டொக்டரம்மா இருப்பார், விரும்பியவர்கள் காட்டிக்கொள்ளலாம்.

'மார்புப் புற்றுநோய்' என்று போர்டு எழுதினோம். தோட்டத்துச் சங்கத் தலைவர் நெளிந்தார். "பொம்பளைங்க ரோட்டுல இதைத் தூக்கிட்டுப் போறதா? பெண்கள் சுகாதாரம்னு போடுங்களேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டார். "ஏன் தலைவரே, நீங்க சுகாதாரத்துலயா பால் குடிச்சு வளந்தீங்க?"

தலைவர் சிரித்துவிட்டார். பிறகு அவரே போர்டுக்குக் கம்பு வெட்டிக் கொடுத்தார். அந்தப் போர்டைத் தூக்கப்போவதும் தான்தான் என்று சித்தி சொன்னார். ஊருக்கு உபதேசம் என்று நான் மனதுக்குள் திட்டினேன்.

நடை அன்று பனிமூட்டம். பெரகலயிலிருந்து அப்புத்தளை வரை ஏற்றமோ ஏற்றம். கடையில் நின்றே பழகின எனக்கு மூச்சு வாங்கியது. மலையேறிப் பழகினவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு கதை பேசி நடந்தார்கள். பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் போர்டைப் படித்துவிட்டுக் காசு நீட்டினார்கள். பக்கத்துத் தோட்டங்களின் லயங்களிலிருந்து பெண்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். என் அம்மா பெயரைச் சொல்லி இத்தனை பேர்! அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்தன, மறைக்கவில்லை.

கலா அக்கா என்று ஒருவர் சித்தியோடு சேர்ந்து நடந்தார். அம்மா சொன்னதால் தடவிப் பார்த்து, கட்டியைக் கண்டுபிடித்து, ஆபரேசன் செய்துகொண்டவர். "பார்வதி அக்கா அன்னைக்கு அந்தத் தழும்பைக் காட்டலைன்னா என் பிள்ளைங்களுக்கு அம்மா இல்ல" என்றார்.

சித்தி போர்டை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "எப்படி இருந்துச்சு அது?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் பார்த்த தழும்பைச் சொந்தத் தங்கச்சி பார்த்ததில்லை. அம்மா எத்தனையோ முறை காட்ட வந்தும் சித்தி முகத்தை மூடிக்கொண்டாராம். கலா அக்கா சொன்னார்: "ஒண்ணுமில்ல சரசு. ஒரு கோடு. தையல் போட்ட துணி மாதிரி. தொட்டுக்கூடப் பாக்கச் சொன்னாங்க. அவங்க சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க."

மண்டப வாசலில் பெண்கள் கூச்சப்பட்டு நின்றார்கள். நீ போ, நான் போறேன் என்று ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டிருந்தார்கள். சித்தி போர்டை என் கையில் கொடுத்தார். "புடி. கீழ போட்டுடாத" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக உள்ளே போனார். அவர் பின்னால் மற்றவர்கள் போனார்கள்.

சித்திக்கு இருந்தது புற்றுநோய்தான். ஆனால் சின்னது, பரவவில்லை. கட்டியை மட்டும் எடுத்தார்கள். கதிர் சிகிச்சை (கதிரைப் பாய்ச்சி மிச்சமிருக்கும் நோயைப் பொசுக்குவது) முடிந்து இப்போது மறுபடியும் கொழுந்து எடுக்கிறார். நானும் காட்டிக்கொண்டேன், ஒன்றும் இல்லை. ஆனாலும் குளிக்கும்போது என் கை தானாகவே தேடுகிறது. எங்கள் வீட்டில் இப்போது தீபாவளிக்குத் தீபாவளி கணக்கில்லை, கிளினிக்குக்குக் கிளினிக்தான். அடுத்த கிளினிக் வரை உள்ள காலம் முழுசாக எங்களுடையது என்று வாழப் பழகிவிட்டோம்.

போன தடவை கிளினிக்கில் புதிதாக ஒரு டொக்டர் இருந்தார். சித்தியின் பைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. யாரு அனுப்பினாங்க?" என்று கேட்டார்.

"எங்க அக்காங்க."

"கெட்டிக்காரிதான். அவங்க நல்லா இருக்காங்களா?"

சித்தி என்னை ஒரு தரம் பார்த்தார். "இருக்காங்க டொக்டர்" என்றார்.

நானும் ஆமாங்க என்றேன்.