ஏழாம் எண்ணுக்கு ஒரு மதிப்பெண்

இந்த ஊரில் சளி பிடித்து வருகிறவரிடம், மருந்து எதுவும் வேண்டாம், தானாகச் சரியாகிவிடும் என்று சொன்னால் நன்றி சொல்கிறார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்விடுகிறார். இங்கிலாந்துக்கு வந்து ஏழு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. திரும்பி வந்து சண்டைக்கு நிற்பாரோ என்று கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். கோயம்புத்தூரில் நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் யாரையும் அப்படி அனுப்பிவிட முடியாது. "ஏனுங்க டாக்டர், ஒரு ஊசிகூடப் போடலீங்களா? ஆனைமலைல இருந்து பஸ்ஸேறி வந்தனுங்க. சும்மா அனுப்பிப்போட்டீங்கன்னா ஊட்டுல என்னன்னு சொல்றதுங்க?" என்று ஒருவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் அதைத்தான் செய்தோம். கெடுதல் இல்லாத மாத்திரை. வாங்கினவருக்குத் திருப்தி, எங்களுக்கு நிம்மதி.

போன வருடம், எங்கள் கிளினிக்கின் மூத்த மருத்துவர் ஹாரிஸ் என்னைக் கூப்பிட்டு பெயரில்லாமல் எண் மட்டும் போட்ட ஒரு கட்டு விடைத்தாள்களைக் கொடுத்தார். அவர் மருத்துவக் கல்லூரியிலும் பாடம் எடுப்பவர். நாலு நாட்டு மருத்துவ மாணவர்களுக்கும் மருந்து எழுதுவதில் ஒரே பரீட்சை வைக்க வேண்டும் என்பது அவரும் நண்பர்களும் கண்ட கனவு. அதற்கான வெள்ளோட்டத்தில் நான் படித்த கல்லூரியும் இருந்தது. அந்த ஊர் வழக்கம் தெரிந்தவன் என்று, அங்கிருந்து வந்த தாள்களைத் திருத்தும் வேலை எனக்கு. முதலில் வருகிறவர் தேர்ச்சிக் கோட்டைத் தொட்டுவிட்டால், மூன்று மாதம் எங்கள் கிளினிக்கில் வந்து பயிற்சி பெறலாம். விமானச் செலவு ஹாரிஸ் குழுவினருடையது.

மறைப்பானேன், எனக்கு வயிறு எரிந்தது. இந்த நாட்டில் வைத்தியம் பார்ப்பதற்கான பரீட்சையில் இரண்டு முறை தோற்றவன் நான். மூன்றாம் முறை தேறும்வரை ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவினேன். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் "ஆஸ்பத்திரியில் வேலை" என்று மட்டும் குறிப்பிட்டேன். பொய்யில்லை. இந்தப் பிள்ளைகளோ சொந்த ஊரில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஒரு பரீட்சை எழுதுவார்களாம், டிக்கெட் தேடி வருமாம்.

அந்த வாரமே, என்னுடன் படித்து இப்போது அங்கே விரிவுரையாளராக இருக்கும் வேலுச்சாமி ஐ.எஸ்.டி.யில் கூப்பிட்டான். "மாப்ள, ஏழாம் நம்பர் மரகதம்னு ஒரு புள்ள. மதுக்கரை சிமெண்ட் பேக்டரில மூட்டை தூக்கறவரு மக. மார்க்குப் போடுன்னு சொல்லல. கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும், பொறுமையாப் படி, அவ்வளவுதான்" என்றான்.

பொறுமையாகத்தான் படித்தேன். எல்லோரையும்விட அவள்தான் முன்னால் நின்றாள். கடைசிக் கேள்வியில் திடமான ஓர் இளைஞன், மூன்று நாள் சளி, மருந்து கேட்டு வந்திருக்கிறான். மருந்து வேண்டாம் என்று எழுதினால் ஒரு மதிப்பெண், அதை அவன் ஏற்கும்படி செய்தால் இன்னொன்று. நம் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் பி-காம்ப்ளெக்ஸ் எழுதியிருந்தார்கள். மரகதம் மருந்து வேண்டாம் என்று எழுதி, கீழே சேர்த்திருந்தாள்: 'நாடி பிடித்து, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்த பிறகே இதைச் சொல்வேன். தொடாமல் சொன்னால் நம்பாமல் அடுத்த தெருவில் போய் ஊசி போட்டுக்கொள்வார்.' விடைக்குறிப்பில் இருந்ததோ, அச்சிட்ட துண்டறிக்கையைக் கொடுத்து விளக்க வேண்டும் என்பது. அவளுக்குத் தேர்ச்சிக் கோட்டைத் தொட ஒரே ஒரு மதிப்பெண் வேண்டியிருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் அந்த இரண்டாவதற்குச் சைபர் போட்டேன்.

ஹாரிஸ் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, திடமானவனின் நாக்கை எதற்குப் பார்க்க வேண்டும், ஏதாவது மதச் சடங்கா என்று கேட்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. விடைக்குறிப்பில் அது இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து, இங்கே ஓர் உணவகத்தில் சமையல் செய்யும் அந்தியூர்க்காரர் ஒருவர் சளியோடு வந்தார். வழக்கப்படி மருந்து வேண்டாம் என்று சொல்லித் துண்டறிக்கையை நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மேசைமேல் வைத்துவிட்டார்.

"நம்மூர்க்காரருன்னு கேள்விப்பட்டு வந்தனுங்க. தொட்டுக்கூடப் பாக்கலீங்களே" என்றார். கோபமில்லை, வருத்தம்தான்.

எழுந்து போய் நாடி பிடித்தேன். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தேன். அவர் கேட்காமலே நாக்கை நீட்டினார். ஒன்றுமில்லீங்க என்றேன். "இது போதுமுங்க" என்று சிரித்துக்கொண்டே வெறுங்கையோடு போனார்.

அன்று சாயங்காலமே ஹாரிஸிடம் போய், ஏழாம் எண்ணுக்கு ஒரு மதிப்பெண் சேர வேண்டும், அது சடங்கல்ல, வைத்தியம்தான் என்றேன். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். இத்தனை வருடமாக ஆங்கிலத்தில் பிழைக்கிறவனுக்குப் பொறாமை என்ற ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. தவறிவிட்டது என்றேன். அவர் தாளை எடுத்து மதிப்பெண்ணைத் திருத்தினார். அதற்குப் பிறகு எந்தத் தாளும் என்னிடம் வரவில்லை. கோயம்புத்தூருக்கு மட்டும் ஒரு ஃபேக்ஸ் போனது.

மரகதம் வந்தாள், மூன்று மாதம் இருந்தாள். என் சைபர் பற்றி அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. திரும்பும் நாளில் விமான நிலையத்தில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். "சார், ஊருல யாருக்காச்சும் எதாவது குடுக்கோணுங்களா? நானே நேர்ல போய்க் குடுத்துப்போடறனுங்க" என்றாள். என்னைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வேலுச்சாமிக்கு என்ன கொடுப்பது? ஒன்றுமில்லை அம்மணி, போய்ட்டு வா என்றேன். அவள் வரப்போவதை நினைத்துப் பட்ட பொறாமை ஒன்றுமே இல்லை. திரும்பிப் போகும் டிக்கெட்டை அவள் கையில் பார்த்தபோது பட்டதுதான் பொறாமை.

திங்கட்கிழமை, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் சளியோடு வந்து உட்கார்ந்தார். இந்த ஊர்க்காரர். என்னை அறியாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் வெளுத்துப்போனது. "டாக்டர், அவ்வளவு மோசமாகவா இருக்கிறது?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, மருந்துகூட வேண்டாம் என்றேன். அவர் நம்பவில்லை. நானும் கையை விடவில்லை.