மெம்பர் இரத்தினசிங்கத்தின் இடாப்பு

கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருப் பக்கம் ‘மெம்பர்’ என்றால் அது இரத்தினசிங்கம்தான். மாநகர சபைக்குப் போன மற்றவர்களுக்கு வாகனம் இருந்தது, கூடத் திரிய ஆட்கள் இருந்தார்கள். இவருக்கு ஒரு குடை, ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அவ்வளவுதான். அலுவலகம்கூட என் போட்டோகொப்பிக் கடையின் பின்பக்கம், கடதாசிப் பெட்டிகளுக்கு நடுவில் போட்ட ஒரு மேசை. அவருடைய கடிதம், விண்ணப்பம், பட்டியல் எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்தவன் நான். அதனால் அவர் விட்ட பிழையைச் சொல்லும்போது என் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சொக்கலிங்கம், தெருவில் சொக்கு.

அரசியல்வாதி என்றதும் நீங்கள் நினைக்கிற ஆள் இல்லை அவர். முப்பது வருடம் துறைமுகத்தில் வார்ஃப் கிளார்க். ஒரு பெட்டி சாமான் வெளியே வர எத்தனை படிவம், எத்தனை கையெழுத்து என்று விரலை மடித்துச் சொல்லுவார். அந்த வேலையில் பிடித்த படிவப் பைத்தியம் பிறகு தெளியவே இல்லை. யுத்த காலத்தில் வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து அறைகளில் தங்கியிருந்தவர்கள் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. அந்தப் படிவத்தைக் கண்டு பயப்படாத தமிழர் கொழும்பில் இருந்ததாக எனக்குத் தெரியாது. இரத்தினசிங்கம் வேலை முடிந்து வந்து, ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் குடிக்காமல், அதைச் சிங்களத்தில் அழகாக நிரப்பிக் கொடுப்பார். பொலிஸ் வாசலுக்கும் கூடப் போய் நிற்பார். சனம் அவரை அப்படித்தான் அறிந்தது, அதை மறக்காமல் பிறகு வாக்கும் போட்டது.

அவருக்கு ஆறாத காயம் ஒன்றும் இருந்தது. அவருடைய அப்பா கட்டிய வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு வந்தவர், வாக்காளர் இடாப்பில், அதாவது பெயர்ப் பதிவேட்டில், அந்த விலாசத்தில் தன் பெயரும் இருக்கிறது என்று நீதிமன்றத்தில் காட்டி, வீட்டை விட்டு எழும்ப மாட்டேன் என்று இருந்துவிட்டார். பதினேழு வருடம் வழக்கு. அது முடியுமுன்பே அப்பா கண்ணை மூடிவிட்டார். ஆகவே ஒவ்வொரு வருடமும் கிராம சேவகர் இடாப்புப் படிவத்தை வீடு வீடாகக் கொடுக்கும் நாட்களில், வீட்டுக்காரர்கள் மெம்பரிடம்தான் ஓடி வருவார்கள். அவரும் ஒரே பதிலைச் சொல்லுவார்.

“உங்கட வீட்டு ஆக்களின்ர பேரை மட்டும் போடுங்கோ. அறையில இருக்கிறவை தங்கட தங்கட ஊரில பதிஞ்சிருப்பினம். உங்களுக்கேன் வீண் தலையிடி?”

வீட்டுக்காரர்களுக்கு இங்கே வாக்கு இருந்தது, அறைக்காரர்களுக்கு இல்லை. அதைப் பார்த்துத்தான் சொன்னார் என்று நான் பழி போட மாட்டேன். ஆனால் அந்தப் பேச்சால் அவருக்கு ஒரு வாக்கும் குறையவில்லை.

2020 ஒக்டோபர் கடைசியில் எங்கள் பகுதியை மூடினார்கள். தெரு முனைகளில் மஞ்சள் நாடா, பொலிஸ், இராணுவம். கொச்சிக்கடைப் பக்கம் நடந்து போய் அன்றாடம் உழைத்தவன் வீட்டுக்குள் குந்தியிருந்தான். மற்ற அரசியல்வாதிகள் தொலைபேசியை நிறுத்தி வைத்திருந்த அந்த நாட்களில் மெம்பர் காலை ஏழு மணிக்கே என் கடைக்கு வந்துவிடுவார். புறக்கோட்டை வியாபாரிகளிடம் கேட்டு அரிசி, பருப்பு, சீனி, மா என்று பொதிகள் சேர்த்தார். ஒரு பொதியிலும் தன் படத்தை ஒட்டவில்லை. எதிர்க்கட்சிக்காரர்களின் வீடுகளுக்கும் ஒன்றும் குறையாமல் கொடுத்தார். இதை நான் எவரிடமும் அடித்துச் சொல்லுவேன்.

ஒருநாள் ஒரு வானொலிக்காரர் தொலைபேசியில் அவரைப் பேட்டி கண்டார். பக்கத்தில் நின்று கேட்டேன்.

“இந்த நேரத்தில சனத்துக்கு உதவி செய்யிறதெண்டால் முதல்ல வேண்டியது அரிசி இல்லை, இடாப்பு. இடாப்பு இருந்தா சண்டை இல்லை, களவு இல்லை, எனக்கு வேண்டியவன் வேண்டாதவன் எண்டு ஒண்டும் இல்லை. பேர் இருந்தா பொதி. அவ்வளவுதான்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. வாக்காளர் இடாப்பைப் பார்த்து அந்தப் பொதி இடாப்பை வீட்டு இலக்கப்படி பிரித்து அடித்தவன் நானல்லவா.

நவம்பர் முதல் வாரம் யூஜினா வந்தாள். கடைக்கு முன்னால் சுண்ணாம்பால் போட்ட வட்டங்களில் சனம் வரிசையாக நின்றது. அவள் கடைசி வட்டத்தில் நின்றாள். ஐம்பது ஐம்பத்திரண்டு வயது, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பத்தொன்பது வருடமாகக் கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கூட்டித் துடைக்கிற வேலை. எங்கள் ஒழுங்கையில் சிவமணி அக்காவின் வீட்டு மேல் அறையில் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது என்னைக் கண்டால் சிரிப்பாள்.

“மேல் ரூம்ல நான் ஒருத்திதாங்க மெம்பர் ஐயா. கடை பூட்டி ரெண்டு கிழமையாச்சு” என்றாள்.

மெம்பர் இடாப்பைப் புரட்டினார். சிவமணியின் வீட்டுக்கு நேரே ஒரு பெயர்தான் இருந்தது. பிள்ளைகள் கனடாவில், கணவர் காலமாகிவிட்டார்.

“அந்த வீட்டுக்கு நேற்றே ஒரு பொதி குடுத்தாச்சு அம்மா. சிவமணியிட்டக் கேட்டு அதில பங்கு எடுங்கோ. உங்கட பேரைத் தனியா எழுதி வைக்கிறன், அடுத்த முறை பாப்பம்.”

“சரிங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன். சத்தம் போட்ட வேறு இரண்டு பேருக்குக் கொடுத்தோம்தானே.

சிவமணி அக்கா கெட்டவர் இல்லை. ஆனால் அந்த நாட்களில் அவருக்குப் பயம் பிடித்திருந்தது. புறக்கோட்டைக்குப் போய் வந்தவள் என்று யூஜினா மேல் சந்தேகம். உள்ளே இருந்து மேல்மாடிக்குப் போகும் கதவைப் பூட்டி, இடுக்கில் துணி அடைத்து, பின்பக்க இரும்புப் படியால் ஏறி இறங்கச் சொல்லிவிட்டார். பூட்டிய கதவைத் தட்டி அரிசி கேட்க யூஜினாவுக்கு வாய் வந்திருக்காது.

ஐந்தாறு நாள் கழித்து என் தொலைபேசிக்கு அழைத்தாள். குரல் சோர்ந்திருந்தது. அவளுக்குச் சீனி வருத்தம், பிரஷர் இரண்டும் உண்டு. ஆஸ்பத்திரி கிளினிக்கில் மாதா மாதம் மருந்து எடுப்பவள். ஊரைப் பூட்டியபடியால் மருந்தைத் தபாலில் அனுப்பினார்கள். ஆனால் கிளினிக் கொப்பியில் இருந்தது அவளுடைய அடையாள அட்டை விலாசம், தோட்டத்து லயத்து விலாசம். மருந்து மலைக்குப் போய்த் தம்பியின் கையில் இருந்தது. அவனால் அங்கிருந்து வரவும் முடியாது.

“குளுசை முடிஞ்சு நாலு நாளாச்சுங்க. மெம்பர் ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா?”

சொன்னேன். மெம்பர் பதறிப்போனார், அதில் குறையில்லை. ஆனால் அவர் செய்ததைப் பாருங்கள். ஃபைலைத் திறந்தார், ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

“சொக்கு, இதை ஒருக்காச் செய்தாலும் ஒழுங்காச் செய்ய வேணும். கிளினிக்கில விலாசத்தை மாத்தினால் ஒவ்வொரு மாசமும் இஞ்சயே வரும். அதுக்குக் கிராம சேவகற்ற கடிதம் வேணும். கடிதத்துக்கு வீட்டுக்காரியின்ர கையெழுத்து வேணும்.”

கடிதத்தை அடித்தேன். இன்னார் இந்த விலாசத்தில் வசிக்கிறார் என்று ஒரே ஒரு வரி. இருவரும் சிவமணியின் வீட்டுக்குப் போனோம். அவர் முகக்கவசத்தோடு கேட்டுக்கு உள்பக்கம் நின்று, தாளைக் கையால் தொடாமலே வாசித்தார்.

“என்னண்ணை இது? இதில கையெழுத்து வைக்க வேண்டாம் எண்டு வருசா வருசம் சொன்னது நீங்கள்தானே?”

“அது வேற சிவமணி. இது மருந்துக்கு.”

“இண்டைக்கு மருந்துக்கெண்டுவினம். நாளைக்கு இதே கடுதாசியைக் கோட்டுக்குக் கொண்டு போவினம். உங்கட அப்பாவுக்கு நடந்ததை நீங்கள் சொல்லித்தானே எனக்குத் தெரியும்? பிள்ளையளைக் கேக்காமல் நான் ஒண்டிலயும் வைக்க மாட்டன்.”

கூட்டத்தில் மேயரையே கேள்வி கேட்டு மடக்குகிற மனுஷன், அந்தக் கேட்டுக்கு முன்னால் தாளை மடித்து ஃபைலுக்குள் வைத்தார். பிறகு மெதுவாக, “சரி, கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ” என்றார். கனடாவில் அப்போது விடியவில்லை. நாளைக்குக் கேட்கிறேன் என்றார் அக்கா.

மறுநாள் பிள்ளைகள் தொலைபேசி எடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் கிராம சேவகர் தனிமைப்படுத்தலுக்குப் போய்விட்டார். மெம்பர் பிரதேச செயலகத்துக்கு ஐந்தாறு தடவை அழைத்தார், கிராம சேவகருக்குப் பதில் ஆளைத் தேடினார், எனக்கு இன்னொரு கடிதம் சொல்லி அடிப்பித்தார். இப்படி மூன்று நாள் போயிற்று.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் கடையிலிருந்து நாலாவது கடை மருந்துக் கடை. பகுதி பூட்டியிருந்தாலும் காலையில் அரைக்கதவு திறந்து மருந்து கொடுத்தார்கள். அவளிடம் டொக்டர் எழுதிய பழைய மருந்துத் துண்டு இருந்தது. கேட்டு வாங்கிப் போய் இரண்டு கிழமைக்குக் குளுசை எடுத்து, இரும்புப் படியில் ஏறிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஒரு கால் மணி நேர வேலை. மெம்பருக்கும் தோன்றவில்லை, கடிதத்தின் எழுத்துப்பிழையைத் திருத்திக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை.

நாலாம் நாள் காலை சிவமணி அக்கா அழைத்தார். மேலே தண்ணீர்க் குழாய் திறந்தபடியே இருக்கிறது, கூப்பிட்டால் சத்தம் இல்லை என்றார். அம்புலன்ஸ் வருமுன்பே எல்லாம் முடிந்திருந்தது. பரிசோதனையில் கொரோனா இல்லை என்று வந்தது. கொரோனா என்றால் கட்டாயம் எரித்த காலம் அது; இல்லை என்றபடியால் மாதம்பிட்டி மயானத்தில் புதைக்க விட்டார்கள். தம்பிக்கு மாகாணம் தாண்டி வர அனுமதி கிடைக்கவில்லை. பாதர், மெம்பர், நான், குழி வெட்டியவர்கள் இருவர். பெட்டியின் ஒரு பக்கத்தை மெம்பர் பிடித்தார், மறுபக்கத்தை நான் பிடித்தேன். பாரம் இருக்கவில்லை. மெம்பர் முகக்கவசத்துக்குள் விம்மி விம்மி அழுதார். அறுபத்துநாலு வயது மனுஷன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அதற்குப் பிறகு பொதி கொடுத்தபோது இடாப்பை அவர் கையில் எடுக்கவே இல்லை. அலவியையும் என்னையும் கூட்டிக்கொண்டு பின்பக்கப் படிகளில் ஏறினார். அலவி பக்கத்துத் தெருவில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர். கடைகளுக்கு மேலே, தண்ணீர்த் தாங்கிகளுக்குக் கீழே, படி வளைவுகளில் என்று இருபது வருடமாக நாங்கள் கடந்து போன இடங்களில் மனிதர்கள் இருந்தார்கள். எங்கள் வட்டாரத்தில் மட்டும் அப்படி இருநூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கண்டோம். ஒவ்வொரு கதவிலும் மெம்பர், “மன்னிச்சுக்கொள்ளுங்கோ, பிந்திப்போச்சு” என்று சொல்லுவார். எதற்கு மன்னிப்பு என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

கொரோனா போனது, படிவம் வரும் காலம் வந்தது. இந்த முறை வீட்டுக்காரர்கள் அவரைத் தேடி வரவில்லை, அவர்தான் அவர்களைத் தேடிப் போனார். அறைக்காரரின் பெயரையும் போடுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார். வீட்டை யாரும் பறிக்காமல் இருக்க வாடகை ஒப்பந்தம் இப்படி எழுதலாம் என்று சட்டத்தரணியிடம் கேட்டு மாதிரிப் பத்திரம்கூட அடிப்பித்து வைத்திருந்தார். சனம் கதிரை கொடுத்தது, பிஸ்கட் கொடுத்தது, யூஜினாவுக்காக ‘ஐயோ பாவம்’ சொன்னது. பெயரை மட்டும் போடவில்லை. மெம்பருக்கு மூளை தட்டிவிட்டது என்று பின்னால் கதைத்தார்கள். சபைகளின் காலம் முடிந்து 2025இல் மறுபடி தேர்தல் வந்தபோது கட்சி அவருக்கு இடம் கொடுக்கவில்லை. வீட்டுக்காரர்கள் அவர் மேல் நம்பிக்கை இழந்துவிட்டார்கள் என்று காரணம் சொன்னார்கள். அது உண்மைதான்.

இப்போது நெஞ்சு வருத்தத்தோடு வீட்டில் இருக்கிறார். என் கடைக்கும் வருவது குறைவு. ஆனால் படிவம் வருகிற கிழமையில் மட்டும் குடையோடு வெளிக்கிட்டுவிடுவார்.

இந்த வருடம் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் மேல் அறையில் சாருஜா என்று ஒரு பிள்ளை இரண்டு வருடமாக இருக்கிறாள். கிளிநொச்சிப் பக்கம், வத்தளையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மரியாதையான பிள்ளை. மெம்பர் மூச்சு வாங்கி முடிய, மேசையில் கிடந்த படிவத்தைப் பார்த்தார்.

“சொக்கு, அந்தப் பிள்ளையின்ர பேரையும் போட்டுவிடு.”

யூஜினாவின் பெட்டியைத் தூக்கியவன் நான். மெம்பர் கேட்காவிட்டாலும் நானாகவே போட்டிருக்க வேண்டும். ஆனால் வாயில் வந்தது வேறு. வீடு மனைவியின் பெயரில் இருக்கிறது, மகனுக்குக் கலியாணம் பேசுகிறோம், மேல்மாடி அவனுக்கு வேண்டியிருக்கும், பிறகு ஏதாவது பிரச்சினை வந்தால் என்று சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

அவர் என்னோடு வாதாடவில்லை. “ஓம், பயம்தானே. அந்தப் பயத்தைப் பழக்கினது நான்தானே” என்றார். குடையை எடுத்துக்கொண்டு படியைப் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனார்.

நான் உட்கார்ந்து என் பெயரையும் மனைவியின் பெயரையும் மகனின் பெயரையும் எழுதி, கையெழுத்து வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கிராம சேவகரிடம் கொடுத்துவிட்டேன்.