குறுக்கே வந்த ஜீப்னி

பிலிப்பைன்ஸில் மாயோன் எரிமலையைப் படம் எடுக்க வீதியோரம் நின்றபோது, என் மனைவி குடைக்குள் இருந்து சலித்துக்கொண்டாள். "இஞ்சருங்கோ, வெயில் சுடுது. கெதியா எடுங்கோவன்."

"பொறும், இந்த ஜீப்னி போகட்டும்."

வீதிக்கு அந்தப் பக்கம் பழைய தேவாலயத்தின் மணிக்கூண்டு, அதன் பின்னால் எரிமலை. நடுவில் ஆளோ வண்டியோ வரக்கூடாது என்பது என் பிடிவாதம். ஆனால் அவர்களுடைய மினிபஸ்ஸான ஜீப்னி ஓயாமல் வந்து மறைத்தது. அப்படிக் கெட்டுப்போன படங்களை திரும்பும்போது விமான நிலையத்தில் காத்திருந்த நேரத்திலேயே அழித்தேன். ஒன்று மட்டும் எப்படியோ தப்பிவிட்டது.

லண்டன் எட்மண்டனில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மரீசலும் வேலை செய்கிறாள். அந்த எரிமலைப் பக்கத்துப் பெண். திரும்பி வந்ததும் அவளுக்குப் படங்களைக் காட்டினேன். "அழகு, அழகு" என்று வேகமாகத் தள்ளிக்கொண்டு போனவள், தப்பிய அந்தப் படத்தில் நின்றுவிட்டாள். விரலால் பெரிதாக்கி, ஜீப்னியில் அது போகும் ஊர்களின் பெயர்ப்பலகையைப் படித்தாள்.

"குயா, இது எங்கள் வீட்டு வாசலில் நிற்கும்" என்றாள் ஆங்கிலத்தில். குயா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணை.

தாயின் செத்தவீட்டுக்கும் போகக் கிடைக்காதவள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேறு ஜீப்னிப் படம் இருக்கிறதா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"இல்லை" என்றேன். அழித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போது லண்டனில் படம் எடுக்கும்போது சிவப்பு பஸ் குறுக்கே வந்தால் நான் காத்திருப்பதில்லை. அதுவும் யாரோ ஒருவரின் வீட்டுக்குப் போகிற பஸ்தானே.