எத்தியெனின் பந்தும் எங்கள் மச்சானும்

பந்து வானத்தில் பறக்கும்போது ஊர் முழுக்க மேலே பார்க்கும். அது யார் கையில் விழுகிறது என்று கீழே பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் நான்.

பகலில் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் நிற்கிறேன். கோடை வந்தால் மாலையிலும் வார இறுதியிலும் மொன்றியலில் ஒரு பேஸ்போல் மைதானத்தில் வேலை. இடது பக்க வேலிக்குப் பின்னாலுள்ள இருக்கைகள் என் பொறுப்பு. நம்மவர்களுக்குச் சிக்ஸர் என்றால் விளங்கும். இங்கே அதற்கு ஹோம் ரன் என்று பெயர். வேலியைத் தாண்டி வந்த பந்து பிடித்தவருக்கே சொந்தம். ஆனால் ஒரு வீரரின் முதல் ஹோம் ரன், சாதனை ஹோம் ரன் என்று வந்தால் அடித்தவருக்கு அந்தப் பந்து வேண்டும். அப்போது தொப்பி தருகிறேன், கையெழுத்துப் போட்ட மட்டை தருகிறேன், வீரரோடு படம் எடுக்கலாம் என்று குழைந்து பேசிப் பந்தை வாங்கி வரவேண்டியது நான். பறித்தால் குற்றம், விட்டால் வேலை போகும். இரண்டு வேலை பார்த்து பிறஷர் குளிசை போடுகிற அன்பர்களே, இது உங்களுக்குத்தான் விளங்கும்.

இந்தப் பருவத்தில் என் குளிசையைக் கூட்ட வைத்தவர் எத்தியென். இதே மொன்றியலின் வில்லரேயில் பிறந்து வளர்ந்தவர், எங்கள் அணியின் மூத்த வீரர். அணியின் ஹோம் ரன் சாதனையை முறியடிக்கக் கொஞ்சம்தான் மீதி இருந்தது. முழங்கால் நோவால் இந்தப் பருவத்தோடு ஓய்வு என்றும் அறிவித்துவிட்டார். முதல் வாரமே என்னைத் தேடி வந்தார். சின்ன வயதில் பூங்காவில் தனக்குப் பந்து எறிந்து பழக்கியது அம்மாதான் என்றும், அவர் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார் என்றும், சாதனைப் பந்தை அவர் கையில் வைக்க வேண்டும் என்றும் சொன்னார். பிறகு என் தோளைத் தட்டி, "உங்களை நம்பித்தான் இருக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை குறைந்தது.

குழம்புக்குள் விழுந்த பந்து

அணிக்குப் புதிதாக வந்த ஒருவர் தன் முதல் ஹோம் ரனை அடித்தார். பந்து நேரே ஒரு பெரியவர் மடியிலிருந்த, பூட்டின் என்கிற இந்த ஊர்ச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போய் விழுந்தது. பொரித்த கிழங்கு, அதன் மேல் சீஸ் கட்டி, அதன் மேல் சுடச்சுடக் குழம்பு. எல்லாம் மனுஷனின் மூக்குக்கண்ணாடியில். பக்கத்து இருக்கைக்காரர் பெட்டிக்குள் கையை விட்டுப் பந்தை எடுக்கப் பார்க்க, இவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இருவரும் எழுந்து நிற்க, பின்வரிசை கத்த, நான் நடுவில் புகுந்து தொப்பியை நீட்டினேன். பெரியவர் தொப்பியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கீழே வீரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். காதுக் கருவியில் மேலாளர் ஜோசே அம்மையாரின் குரல், "பந்து எங்கே, பந்து எங்கே" என்று. வியர்த்துக் கொட்டியது. நான் மட்டையை எடுத்து வரட்டுமா என்று கெஞ்சினேன். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மிக அமைதியாகச் சொன்னார்: "பந்து உங்களுடையது, பூட்டின் என்னுடையது, முதலில் என்னுடையதைக் கொண்டு வாருங்கள்."

சொல்லக்கூடாத செய்தி

இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பந்து எறிபவர் எதிரணிக்கு ஒரு அடிகூடக் கொடுக்காமல் ஆட்டத்தைக் கொண்டுபோனால், அது முடியும்வரை யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. திறந்தால் ராசி போய்விடுமாம். சக வீரர்கள் அவர் பக்கத்தில் உட்காரவும் மாட்டார்கள். பார்வையாளர்கள் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள்.

ஒரு மாலை, ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஏழாவது வரை எங்கள் ஆள் அப்படித்தான் எறிந்துகொண்டிருந்தார். பக்கத்துப் பகுதியைப் பார்ப்பவர் கார்த்திக். சென்னையிலிருந்து படிக்க வந்து, கோடைக்கு இங்கே நிற்பவர். அவருக்கு இந்த வழக்கம் தெரியாது. ஒவ்வொரு வரிசையாகப் போய், இன்னும் இரண்டு இன்னிங்ஸ்தான், வரலாறு பார்க்கப்போகிறீர்கள் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு மலை மாதிரியான ஆள் முகம் சிவந்து எழுந்து நின்றார். நான் ஓடிப்போய்க் கார்த்திக்கைக் கையைப் பிடித்துப் படிக்கட்டுக்குப் பின்னால் இழுத்தேன். அடுத்த பந்தை எதிரணிக்காரர் ஓங்கி அடித்தார். அது எங்கள் பக்கமே வந்தது. கீழே எங்கள் வீரர் ஓடி வந்து, வேலியில் மோதிக்கொண்டு, நுனிவிரலில் பிடித்தார். பிடிக்காமல் விட்டிருந்தால் அன்று கார்த்திக்கை யாரும் காப்பாற்றியிருக்க முடியாது.

மிச்ச ஆட்டம் முழுக்கக் கார்த்திக் சுவரைப் பார்த்து, வாயைத் தொப்பியால் பொத்திக்கொண்டு நின்றார். ஆட்டம் ஒரு அடியும் கொடுக்காமலே முடிந்தது. மைதானம் அதிர்ந்தது. அந்த மலை மனிதர் வந்து கார்த்திக்கைத் தூக்கியே விட்டார். கீழே இறக்கியதும் கார்த்திக் என்னிடம் சொன்னது: "அண்ணா, எங்க ஊர்ல ஒருத்தன் தொண்ணூத்தொம்பதுல நின்னா ஸ்டேடியமே கத்தும், கத்தாம நின்னதுல எனக்குக் காய்ச்சலே வந்துடுச்சு."

பஸ் ஏறிய பந்து

பருவக் கடைசிக்குக் கிட்ட எத்தியென் பழைய சாதனையைச் சமன் செய்தார். பந்து படிக்கட்டில் குத்தி எழும்பி, மழைச்சட்டை போட்ட ஒருவர் கையில் விழுந்தது. அவர் துள்ளவில்லை, கத்தவில்லை. பந்தைப் பைக்குள் போட்டார், பையைத் தோளில் போட்டார், வாசலை நோக்கி நடந்தார். ஒரு கையில் தொப்பி, மறு கையில் மட்டையோடு நான் பின்னால் ஓடினேன். தெருவில் சென்ட் லோரன்ட் பஸ் நின்றது. அவர் ஏற, கதவு மூடியது. கண்ணாடியில் தட்டினேன். அவர் என்னை யாரோ ரசிகன் என்று நினைத்துப் பந்தை எடுத்துக் காட்டிக் கையசைத்தார். நானும் என்ன செய்வது, தொப்பியை அசைத்தேன்.

எத்தியென் பெரிய மனசுக்காரர். சமன் செய்த பந்து போனால் போகட்டும், முறியடிக்கும் பந்துதான் அம்மாவுக்கு என்று சொல்லிவிட்டார். ஜோசே அம்மையாருக்கு அந்த மனசு இல்லை. என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "அடுத்த பந்தும் பஸ்ஸில் போனால், நீங்களும் அதே பஸ்ஸில் போகலாம்."

கடைசி ஞாயிறு

அதற்குப் பிறகு எத்தியெனின் மட்டை ஊமையாகிவிட்டது. ஆட்டம் ஆட்டமாகப் போனது. பந்து வேலியைத் தாண்டவில்லை. கடைசி ஞாயிறு வந்தது. அன்று பார்த்து என் மனைவியின் தமையன், மச்சான், தானும் ஆட்டம் பார்க்க வேண்டும் என்று வந்து நின்றார். அவருக்கு சென்ட் லோரன்ட்டில் பண்டகசாலை வேலை. சனிக்கிழமைகளில் பூங்காவில் கிரிக்கெட். அவர் நிற்கும் பக்கம் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டாது என்று பெயர். வேலைக்காரருக்குக் கிடைக்கும் இலவச நுழைவுச் சீட்டில் என் பகுதியில் இருத்தினேன். நடைபாதையில் காலை நீட்டாதேங்கோ, தமிழில் கத்தாதேங்கோ, என்னை வேலை நேரத்தில் கூப்பிடாதேங்கோ என்று எல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவருக்கு முன்வரிசையில் ஒரு கையுறைக்காரர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தோல் கையுறையோடு வருபவர். பிடித்த பந்து ஒன்றைக்கூட இதுவரை திருப்பித் தராதவர்.

கடைசி இன்னிங்ஸ். எத்தியெனுக்குக் கடைசி முறை. இரண்டு பந்துகளைத் தவறவிட்டார். மூன்றாவதும் போனால் எல்லாம் முடிந்தது. மைதானமே எழுந்து நின்றது. அடித்தார். சத்தத்திலேயே தெரிந்தது. நான் மேலே பார்க்கவில்லை, கீழே பார்த்தேன். கையுறைக்காரர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், பந்து அவருக்கே எழுதி வைத்தது போல இறங்குகிறது. அப்போது பின்னாலிருந்து மச்சான் இருக்கையில் ஏறி எம்பினார். வெறுங்கை. ஒற்றைக்கை. கையுறைக்கு மேலே பந்தைப் பிடித்துவிட்டார்.

கடவுளே என்று என் கண் கலங்கிவிட்டது. பந்து வீட்டு ஆளிடம்; தொப்பியும் வேண்டாம், மட்டையும் வேண்டாம். சந்தோஷத்தில் படியிறங்கினேன். மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். திரும்பினார். வாழ்நாளெல்லாம் எல்லைக்கோட்டில் செய்த பழக்கம் அப்படியே கையில் வர, பந்தை மைதானத்துக்குள் ஓங்கி எறிந்தார்.

இங்கே ரசிகர்கள் திருப்பி எறிவது எதிரணி அடித்த ஹோம் ரனை மட்டும்தான், அது அவமானப்படுத்த. சொந்த வீரரின் சாதனைப் பந்தை எறிந்தவரைப் பார்த்து மைதானம் முழுக்க ஊளையிட்டது. கையுறைக்காரர் தலையில் கை வைத்தார். எனக்கு அந்த பஸ்ஸின் கதவு திறப்பதே தெரிந்தது. பந்து புல்லில் இரண்டு தரம் குத்தி, உருண்டு, எதிரணிக்காரர் ஒருவரிடம் போனது. அவர் அதைத் தன் பக்கம் எறிந்தால் பழைய பந்துகளோடு கலந்துவிடும்; பிறகு எத்தியெனின் அம்மாவுக்கு எந்தப் பந்தை என்று கொடுப்பது? ஹோம் ரன் அடித்தாலும் இங்கே மைதானத்தை ஒரு சுற்று ஓடி முடிக்க வேண்டும். அதே நேரம் எத்தியென், முழங்கால் நோவோடு மெதுவாக, அவரைத் தாண்டித்தான் ஓடி வந்துகொண்டிருந்தார். எதிரணிக்காரர் பந்தைப் பார்த்தார், எத்தியெனைப் பார்த்தார். பிறகு அதை எத்தியெனின் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டார்.

ஊளை நின்றது. எத்தியென் மீதித் தூரத்தைப் பந்தோடு ஓடி முடித்தார். ஓடும்போதே அழுதார், நான் பார்த்தேன். நானும் அழுதேன்.

ஜோசே அம்மையார் மூச்சு வாங்கப் படியேறி வந்து, எதற்காக எறிந்தார் என்று மச்சானைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். மச்சான் என்னைத்தான் விசரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "என்ன கதை கதைக்கிறாய் மச்சான், பந்தை நான் வச்சிருந்தால் அவங்கள் அடுத்த ஓவரை எதால போடுறது?"

விழுகிற பந்துக்குப் பின்னால் இத்தனை கோடை ஓடியவன் நான் என்றாலும், அடுத்த கோடைக்குப் பந்து பிடிக்க ஆள் வேண்டும் என்று ஜோசே அம்மையார் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கியது மச்சானிடம்தான்.