என் தம்பி அர்மாஸின் நாலு நொடி

என் தம்பி அர்மாஸ் ஊமை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் கட்டிடத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்குப் பேச்சு வரும். ஏழு வயதில் ஒருமுறை நன்றாகப் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு தேவைப்பட்டால் மட்டும் பேசுவது என்று முடிவு செய்தான், தேவைதான் வரவில்லை.

நாட்டின் வட கோடியில் இருக்கும் எங்கள் கெமி நகரத்துக் காகிதக்கூழ் ஆலையில் நாற்பத்தோரு வருடம் வேலை பார்த்தான். நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. அந்தப் பெண் பதினோரு வருடம் அவன் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, ரோவனியெமிக்குப் போய் ரேடியோப் பெட்டிக் கடை வைத்திருந்தவரைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கடையில் நாள் முழுக்க ஏதாவது ஒன்று பேசிக்கொண்டே இருக்குமாம். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்படிப்பட்டவன் ஒரு காலத்தில் டிரம் வாசித்தான் என்றால் யார் நம்புவார்கள்? வாசித்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் ஊர் ஊராக இளவட்டங்கள் கிட்டார் வாங்கினார்கள். வாங்க முடியாதவர்கள் பலகையை அறுத்துச் செய்துகொண்டார்கள். மூன்று கிட்டார், ஒரு டிரம், அவ்வளவுதான் குழு. பாட்டும் கிடையாது, பாடகனும் கிடையாது. 'இரும்புக்கம்பி இசை' என்று அதற்குப் பெயர். வாயைத் திறக்கவே வேண்டாத இசை, பேசவே யோசிக்கிற எங்கள் நாட்டில் தீயாய்ப் பரவியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

குழுவுக்கு ஆங்கிலப் பெயர் வைத்தால்தான் மதிப்பு. நாலு பேருக்கும் ஆங்கிலம் தெரியாது. துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகளில் சிவப்பு எழுத்தில் ஒரு சொல் கம்பீரமாக இருக்கிறதே என்று அதையே எடுத்துக்கொண்டார்கள்: 'தி ஃப்ரஜைல்ஸ்'. 'எளிதில் உடையும், கவனம்' என்று அதற்கு அர்த்தம் என்பதைப் பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி சொன்னபோது சுவரொட்டி அச்சாகிவிட்டது. ஒன்றரை வருடத்தில் குழு உடைந்து பெயரைக் காப்பாற்றினார்கள்.

குழுவில் முன்னணிக் கிட்டார் தைஸ்தோ. அவனும் அர்மாஸும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி. ஆலையிலும் ஒரே இயந்திரம், ஒரே ஷிப்ட். தைஸ்தோ சொந்தமாக ஒரு மெட்டு கட்டியிருந்தான், 'கட்டைகள் இறங்கும் காலம்' என்று. ஆற்றில் பனி உடைந்து ஆலைக்கான மரக்கட்டைகள் மிதந்து வருவதுபோல் தொடங்கும். நான் இசை தெரிந்தவள் இல்லை. ஆனாலும் அதைக் கேட்டால் கழுவுகிற கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பேன்.

அறுபத்துமூன்று நவம்பரில் வானொலி வண்டி ஒன்று எங்கள் தொழிலாளர் மன்றத்துக்கு வந்து அந்த மெட்டைப் பதிவு செய்தது. மன்றத்தில் காப்பிக் கடை என்னுடையது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பத்து மணிக் காப்பி என் கையில் ஒரு நிமிடம்கூடப் பிந்தியதில்லை என்று ஊரே சொல்லும். ஊர் சொல்லாத நாட்களில் நான் சொல்லிக்கொள்வேன். பதினொன்றரைக்கு வண்டி பக்கத்து ஊரான தோர்னியோவில் தேவாலயக் கோஷ்டியைப் பதிவு செய்ய வேண்டும், அதனால் ஒரே ஒரு முறைதான் வாசிக்க நேரம். நடுவில் நாலு நொடி எல்லாம் நின்றுபோனதாம். பிறகு விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தார்களாம். அடுப்பில் ஏலக்காய் பன் கருகிவிடுமோ என்ற கவலையில் இருந்ததால் நான் இதைப் பிறகு கேள்விப்பட்டதுதான். கடிதம் போடுகிறோம் என்றார் வானொலிக்காரர். போடவில்லை. நாடாவும் தொலைந்தது.

அன்றோடு அர்மாஸும் தைஸ்தோவும் பேச்சை நிறுத்தினார்கள். சண்டை போட்டிருந்தால் சமாதானம் செய்யலாம். இவர்கள் சண்டையும் போடவில்லை. அதே இயந்திரத்தின் இரண்டு பக்கமும் நின்று ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தார்கள். அர்மாஸ் டிரம்மை விற்றுவிட்டான். ஐம்பத்தெட்டு வருடம் இப்படியே ஓடியது.

கடைசியில் மூவருமே ஒரே அடுக்குமாடியில் வந்து சேர்ந்தோம். கட்டிடத்துக்கு ஒரு சவுனா, அதாவது நீராவிக் குளியல் அறை. யார் எந்த மணிக்குக் குளிப்பது என்ற பட்டியல் என் பொறுப்பு. முப்பத்தோரு வருடத்துக்கு முன் நான் என் அபார மூளையை உபயோகித்து, சனிக்கிழமை ஐந்திலிருந்து ஆறுவரை இருவர் பெயரையும் ஒன்றாக எழுதினேன். எண்பது டிகிரிச் சூட்டில், உடம்பில் துணி இல்லாமல், ஒரே பலகையில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் பேசிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். முப்பத்தோரு வருடமாக ஒருவன் அடுப்பின் சூடேறிய கல்லில் தண்ணீர் ஊற்றுகிறான், போதும் என்றால் மற்றவன் ஒரு விரலைத் தூக்குகிறான். குளித்து முடித்து வெளிப் பலகையில் உட்கார்ந்து ஆளுக்கொரு சாசேஜ் தின்பார்கள். கடுகுச் சாந்துகூட தனித்தனிக் குப்பி.

இந்த வசந்தத்தில், மாதக் கடைசியில் தைஸ்தோ வீட்டைக் காலி செய்துவிட்டுத் தெற்கே தொலைவில் தம்பெரேயில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறான் என்று செய்தி வந்தது. இடுப்பு ஒத்துழைக்கவில்லை. அர்மாஸிடம் சொன்னேன். "அப்படியா" என்றான். அந்தச் சனிக்கிழமை அவன் சாசேஜைத் தொடவே இல்லை. மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவதற்குச் சமம் அது.

அதே வாரத்தில்தான் ராஸ்முஸ் வந்து சேர்ந்தார். துர்க்குவிலிருந்து வந்த இசைத்தட்டுச் சேகரிப்பாளர். ஐம்பது வயது, குதிரைவால் முடி, பதினோராயிரம் இசைத்தட்டு, மனைவி இல்லை. ஏதோ ஒரு நிலவறையில் 'தேவாலயக் கோஷ்டி, தோர்னியோ' என்று எழுதிய பெட்டியில் எங்கள் பையன்களின் நாடா கிடைத்ததாம். இத்தனை வருடத்தில் அந்தத் துதிப்பாடலைக் கேட்க வேண்டும் என்று ஒரு விசுவாசிக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

"அம்மா, நடுவுல நாலு நொடி மௌனம் வருதே, அது சாதாரண விஷயம் இல்லம்மா!" என்றார் ராஸ்முஸ், என் சமையலறையில் கண் கலங்க. "உலகத்துலயே எந்தக் குழுவுக்கும் அந்தத் தைரியம் இல்ல. அது வடக்கோட தனிமை. ஜப்பான்ல ஒருத்தர் நான் அனுப்பின நகலைக் கேட்டுட்டு அந்த நாலு நொடியைப் பத்தி மட்டும் முப்பது பக்கம் எழுதியிருக்காரு."

"முப்பது பக்கமா? மௌனத்தைப் பத்தியா?"

"ஆமாம்மா."

"எங்க வீட்டுக்கு வரச் சொல்லுப்பா. முந்நூறு பக்கத்துக்குச் சரக்கு இருக்கு."

இசைத்தட்டாக வெளியிட உயிரோடிருக்கும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். காகிதத்தோடு அர்மாஸ் வீட்டுக்குப் போனேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"முடியாதுக்கா. அந்த நாடாவை எரிச்சிடச் சொல்லு."

"டேய், ஜப்பான்காரன் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுறான்டா."

"தைஸ்தோ அதைக் கேட்டா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

நான் கேட்டுவிட்டு ஒரு காப்பி குடித்து முடித்தேன். பிறகுதான் பதில் வந்தது.

"நான்தான்க்கா நிறுத்தினது. கை தானா கீழ இறங்கிடுச்சு. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அவன் மெட்டு, அவன் வாழ்க்கை, எல்லாத்தையும் நான் கெடுத்தேன். அவன் என்கிட்ட பேசாம இருக்கறது நியாயந்தான்."

அவன் வாயிலிருந்து ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. காகிதத்தோடு மாடி ஏறித் தைஸ்தோ வீட்டுக்குப் போனேன். பாதி கட்டிய பெட்டிகளுக்கு நடுவில் அவன் உட்கார்ந்திருந்தான்.

"வேண்டாம் ஹெல்கா அக்கா," என்றான். "நான் நிறுத்தித் தொலைச்சேன். விரல் கம்பியை விட்டுடுச்சு. அர்மாஸ் அவ்வளவு அருமையா வாசிச்சிட்டு இருந்தான். அதுக்கப்புறம் டிரம்மையே வித்துட்டான் பாருங்க. அவன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"முப்பத்தோரு வருஷமா அம்மணமா முழிச்சிட்டுத்தானடா இருக்க!"

"அது வேற, இது வேற."

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேர் தலையையும் பிடித்து முட்டவிட்டிருப்பேன். இரண்டு மாடி குறுக்கே நின்றது. இவன் கோபமாக இருக்கிறான் என்று அவனும், அவன் கோபமாக இருக்கிறான் என்று இவனும்! வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அறுபத்துமூன்றிலேயே முடிந்திருக்கும். ஆம்பளைகளுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா? வியாழக்கிழமை பத்து மணிக்கு என் வீட்டுக்குக் காப்பிக்கு வரச் சொல்லி இருவருக்கும் தனித்தனியாகச் சொன்னேன். மற்றவன் வருவதைச் சொல்லவில்லை. கடைசியில் பேசுவதற்கு ஒரு சிறு சொற்பொழிவும் தயார் செய்துகொண்டேன். 'மௌனத்தின் முட்டாள்தனம்' என்பது பொருள்.

வந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்ததும் இருவரும் மேஜை விரிப்பை ஆராயத் தொடங்கினார்கள். நான் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ராஸ்முஸ் ஒலிபெருக்கியை இயக்கினார்.

ஆற்றில் பனி உடைந்தது. கட்டைகள் இறங்கின. இருபது வயது தைஸ்தோவின் கிட்டார் அழுதது, பத்தொன்பது வயது அர்மாஸின் கை அதற்குக் கீழே நிதானமாக நடந்தது. எழுபத்தேழு வயது அர்மாஸ் தொடையில் வைத்திருந்த விரல்கள் தாளம் போடுவதைப் பார்த்தேன். இவ்வளவு நன்றாக வாசித்தார்களா இவர்கள்?

"இதோ வருது," என்று ராஸ்முஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் இரண்டு உதை. தட், தட். பிறகு ஒரு கிறீச். பிறகு பீங்கான் கோப்பைகள் குலுங்கும் சத்தம். பிறகு தொலைவில், ஆனால் மணி அடித்ததுபோல் தெளிவாக, ஒரு பெண்குரல்:

"பத்தாச்சு!"

அதற்குப் பிறகு நாலு நொடி மௌனம்.

"இதைத்தான் சொன்னேன்," என்றார் ராஸ்முஸ் மெல்லிய குரலில். "இசைக்குள்ள காலம் நுழையுது. அந்தக் கலகலச் சத்தம் என்ன வாத்தியம்னு எங்க யாருக்கும் இன்னும் பிடிபடல."

வாத்தியம் எனக்குப் பிடிபட்டது. இரண்டு கையிலும் தட்டு இருந்தால் நான் கதவைக் காலால்தான் உதைப்பேன், இன்றைக்கும். பதிவு நடக்கிறது, நுழையாதே என்று வாசலில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அப்போது நினைவுக்கு வந்தது. எரியட்டும், காப்பி ஆறிவிடுமே என்று நினைத்திருந்தேன். கோப்பைகளை வைத்துவிட்டுப் பன்னைப் பார்க்க ஓடினேன். நாலு பேரும் ஆலைத் தொழிலாளிகள். ஆலையில் பத்து மணிக்குக் காப்பி இடைவேளை, 'பத்தாச்சு' என்று குரல் கேட்டால் பதினைந்து வயதிலிருந்து பழகிய கை தானாகக் கீழே இறங்கும். வாசிப்பில் மூழ்கியிருந்த மனசுக்குத் தெரியாமலே இறங்கியிருக்கிறது. யாருமே தவறு செய்யவில்லை. காப்பி நேரம் என்றதும் வேலையை நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

என் சொற்பொழிவு மறந்துபோனது. இரண்டு கிழவர்களும் மேஜை விரிப்பை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தைஸ்தோ மெல்ல அர்மாஸ் பக்கம் திரும்பினான். ஐம்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவை:

"உங்க அக்கா அன்னிக்கும் காப்பியை ஆறவிடல."

அர்மாஸின் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். "பன்னு கருகியிருந்துச்சுடா," என்றான். "மறந்துட்டியா?"

"கருகல," என்றேன் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. மற்ற இரண்டு கிட்டார்க்காரர்களும் இறந்துவிட்டார்கள். அவர்களும் இதே குற்றத்தைச் சுமந்துகொண்டுதான் போனார்களோ என்று நினைத்தபோது நெஞ்சை அறுத்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது, முடியவில்லை. நானும் அந்த வீட்டில் பிறந்தவள்தானே.

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இசைத்தட்டு உறையில் 'கோப்பைகள், கதவு: ஹெல்கா' என்று அச்சிடப்போவதாக ராஸ்முஸ் சொல்கிறார். ஜப்பான்காரர் எனக்குக் கடிதம் எழுதுவார் போலிருக்கிறது.

தைஸ்தோ கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை. ஆறு மணிக்கு அடுத்த முறைக்காரர்களான கீழ்வீட்டுத் தம்பதி துண்டும் கையுமாக என் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே இருப்பவர்கள் இன்னும் வெளியே வரவில்லையாம். விதி என்றால் எல்லோருக்கும் விதிதானாம். முப்பத்தோரு வருடத்தில் என் பட்டியலை ஒருவர்கூட ஒரு நிமிடம் மீறியதில்லை. நான் எழுந்து, இரண்டு கோப்பைக் காப்பியைத் தட்டில் வைத்துக்கொண்டு சவுனாவுக்குப் போனேன்.

கதவுக்குப் பின்னால் பேச்சுச் சத்தம். இரண்டு குரல், மாறி மாறி, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு. பிறகு யாரோ தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு விரலால் தட்டத் தொடங்கினான், நிதானமாக. அதன்மேல் தைஸ்தோ வாயாலேயே கிட்டாரை முனகினான். கட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

தட்டு இரண்டு கையிலும் இருந்தது. வலது கால் பழக்கதோஷத்தில் தரையை விட்டு எழும்பிவிட்டது. அதை மெல்லக் கீழே வைத்தேன். அந்த நாலு நொடி இடம் வந்தது. இருவரும் நிற்காமல் அதைத் தாண்டி வாசித்துக்கொண்டு போனார்கள்.

ஏழு மணிவரை அங்கேயே நின்றேன். காப்பி ஆறிப்போனது.