நாற்பத்தொன்றாம் சீட்டு

"செவ்வாய்க்கிழமை. சீட்டு இலக்கம் 41. தாதியர் பயிற்சிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் வரும் வெள்ளி. நிலையத்துக்கு வந்து நிரப்பலாமா?" என் பதிவேட்டில் இப்படி இருக்கிறது. பெட்டியில் வந்த சீட்டைப் பார்த்து நானே எழுதியது.

மாத்தளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களில் சிக்னல் கிடையாது. எங்கள் சமூக வானொலியில் இணைய இணைப்பு இருந்தது. தோட்டத்துக் கடைகளில் பெட்டி வைத்தோம். கேள்வியை எழுதிப் போடுபவர் சீட்டின் மறுபாதியைக் கிழித்து வைத்துக்கொள்வார். நாங்கள் இணையத்தில் தேடி, மாலையில் இலக்கத்தைச் சொல்லிப் பதில் வாசிப்போம். படிவம் நிரப்ப வேண்டியவரை நிலையத்துக்கு வரச் சொல்வோம். லயத்தின் ஒட்டிய வரிசை வீடுகளில் எல்லோருக்கும் கேட்கும் என்பதால் பெயர் சொல்வதில்லை. நாளுக்குப் பத்துச் சீட்டு. தெரிந்தவர்கள் முந்திவிடாதிருக்க, வந்த வரிசை மாறக்கூடாது என்று விதி போட்டவன் நான்.

"நானாட கியூவுல மவுத்தும் நம்பர் எடுத்துட்டுத்தான் வரணும்" என்று, சாவே வந்தாலும் என் வரிசையில்தான் நிற்க வேண்டும் என்பதாக, எங்கள் அறிவிப்பாளர் தங்கச்சி என்னைக் கேலி செய்வாள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

நாற்பத்தொன்றின் முறை சனிக்கிழமை வந்தது. நிலையத்துக்கு வரும்படி அன்று மாலைதான் வானொலியில் சொன்னோம். கடைசி நாள் முந்தைய நாளே முடிந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை.

திங்கள் காலை, அந்தச் சீட்டின் மறுபாதியோடு ஒரு தாயும் மகளும் இரண்டு பஸ் மாறி வந்தார்கள். பிளாஸ்டிக் பையில் சான்றிதழ்கள். விண்ணப்பப் பக்கம் மூடப்பட்டிருந்தது. மூன்று முறை திறந்து பார்த்தேன். வயது வரம்புப்படி மகளுக்கு அதுவே கடைசி வருடம்.

வெள்ளிக்கு முன்பே நேரில் வந்திருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நம்பர் கூப்பிடாம எப்புடி சேர் வர்றது?" என்றார் தாய். "வரிசைய மீறாதீங்கன்னு ரேடியோவுல நீங்கதானே சொன்னீங்க. வேல முடிஞ்சு வந்து தெனமும் ரேடியோ பக்கத்துலயேதான் இருந்தோம்."

அவர் குரலில் கோபம் இல்லை. விளக்கம் சொல்வது போலவே சொன்னார். மகள் சான்றிதழ்களை அடுக்கிப் பையில் வைத்தாள்.

"விடுங்கம்மா. பஸ் போயிரும்."

அறிவிப்பாளர் தங்கச்சி அன்று என்னைக் கேலி செய்யவில்லை. அந்த வாரமே விதியை மாற்றினேன். கடைசி நாள் குறித்த சீட்டுகள் முதலில். அந்த மகளுக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை.

உக்குவளையில் ஒருவர், அவள் கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் உதவியாளராகப் பார்த்ததாக இன்னொருவர். இரண்டையும் பதிவேட்டில் 41க்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். எது உண்மை என்று இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.