கரையிலிருந்து வீசிய துண்டு

எங்கள் ஊர் ஃபுட்பால் டீம் தோற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே வெயிலில் போய் இடம் பிடித்து நிற்போம். எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் இதைவிடக் கேவலமான பொழுதுபோக்கு வேறு இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஏரிக்கரை ஓரத்து மைதானம். புல் என்று ஒன்று கிடையாது, செம்மண்தான். பக்கத்தில் ரயில் போகும்போது ரெஃப்ரியின் விசில் யாருக்கும் கேட்காது. அந்த நேரம் பார்த்து ஒரு தள்ளு தள்ளலாம் என்று எங்கள் ஆட்கள் திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். அதையும் மதராஸிலிருந்து வந்த டீம்கள்தான் ஒழுங்காகச் செய்தன.

தோற்கிற டீமைப் பார்ப்பதில் ஒரு சௌகரியம், ஆளாளுக்கு வாய் திறக்கலாம். டீக்கடையில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் எட்டுப் பேரும் கோச். செண்டர் ஃபார்வர்டுக்கு முட்டி போய்விட்டது, அவனை ஏன் வைத்திருக்கிறார்? இடது பக்கம் ஆடுபவன் பந்தைக் கண்டால் பயப்படுகிறான், அவனை ஏன் வைத்திருக்கிறார்? இந்த 'ஏன் வைத்திருக்கிறார்' எல்லாம் ஒரே ஆளின் தலையில்தான் போய் விழும். அவர் மேனேஜர்.

மேனேஜர் என்றால் பெரிதாக எதுவும் கற்பனை செய்ய வேண்டாம். மார்க்கெட் தெருவில் கயிறும் வலை நூலும் விற்கிற பாய் அவர். ஐம்பதை ஒட்டிய வயது, எப்போதும் தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. மற்ற ஊர்களில் மேனேஜர் என்ன செய்வாரோ தெரியாது. எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு அர்த்தம், ஞாயிறு காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பதினொரு பேரை எழுப்பிக் கூட்டி வருகிறவர். ஒருவனுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும், ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு, ஒருவன் நேற்று பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டான். எல்லோரையும் தேடிப் பிடிப்பார். மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிறும் அவர் கடைக் கயிறுதான். அந்தக் கயிற்றின் பின்னால் நின்றுகொண்டுதான் அவரையே திட்டுவோம்.

"யோவ் மேனேஜரு, கயிறு விக்கப் போயா" என்பது என்னுடைய வசனம். நான்தான் முதலில் கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு மேட்சிலும் கத்தினேன்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தேவையாக இருந்தது. எங்கள் தெருவில் அப்பன் பாட்டன் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். பேனா பிடிக்கிற வேலைக்குப் போன முதல் ஆள் நான், அப்போது இருபத்து மூன்று வயது. கயிற்றின் பின்னால் என் தோளில் கை போட்டு நின்றவர்களில் பாதிப் பேர் எங்கள் தெருப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். ஆனால் மைதானத்தில் தோளில் கை போட்டார்கள், என் கையிலிருந்து வேர்க்கடலை வாங்கித் தின்றார்கள், 'மச்சான்' என்றார்கள். ஆட்டத்துக்காகப் போனேனா இதற்காகப் போனேனா என்று கேட்டால், இதற்காகத்தான்.

அந்த வருஷம் டீம் ரொம்ப மோசம். ஒரே ஒரு ஆள் மட்டும் உருப்படி, கோல்கீப்பர். மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்து மீனவர். நூல் வாங்கக் கடைக்கு வந்த ஆள், மேலே அடுக்கியிருந்த கயிற்றுக் கட்டு சரிந்து விழுந்தபோது ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்தினாராம். பாய் அங்கேயே டீமுக்குக் கேட்டுவிட்டார். வெறுங்காலோடு ஆடுவார். பேச மாட்டார். கடலில் மீன் பட்டால் வரமாட்டார், படாவிட்டால் வருவார். அதனால் நாங்கள் எல்லோரும் குப்பத்தில் மீன் படக் கூடாது என்று வேண்டிக்கொண்டோம். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

கடைசி மேட்சுக்கு வந்தபோது நிலைமை இதுதான்: தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். சமன் செய்தாலே போதும், தப்பித்துவிடலாம். கீழே இறங்கினால் மேனேஜரை மாற்றிவிடுவது என்று கமிட்டி முன்பே பேசிவைத்திருந்தது. இது பாய்க்கும் தெரியும்.

அன்று காலையில் நடந்ததை நான் பிறகுதான் கேள்விப்பட்டேன். கீப்பரின் மனைவிக்கு நிறைமாதம். வரமாட்டேன் என்றிருக்கிறார். பாய் விடிகாலை பஸ்ஸில் குப்பத்துக்கே போய்ப் பேசியிருக்கிறார். "ஊர்லருந்து சேதி வந்திச்சின்னா ஆட்டம் நடுவுல கீதுன்னு பாக்க மாட்டேன். நானே உன்னக் கூப்ட்டுர்றேன்" என்று வாக்குக் கொடுத்துத்தான் கூட்டி வந்திருக்கிறார்.

எதிர் டீம் ஏதோ ஓர் ஆலையின் டீம். எல்லோருக்கும் பூட்ஸ், எல்லோருக்கும் ஒரே மாதிரி பனியன். பார்த்ததுமே ஐந்து கோலாவது வாங்குவோம் என்று பேசிக்கொண்டோம். ஆனால் கீப்பர் அன்று ஆடினார் பாருங்கள், அப்படி ஓர் ஆட்டத்தை அந்தச் செம்மண்ணில் நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. விழுந்து விழுந்து பிடித்தார். முட்டியெல்லாம் ரத்தம். ஹாஃப் டைமில் கோல் இல்லை. இன்னும் பத்து நிமிஷம்தான் என்று கடிகாரம் கட்டியிருந்த ஒருவன் சொன்னபோதும் கோல் இல்லை. வருஷம் பூராவும் திட்டிய டீம் பிழைக்கப்போகிறது என்று நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது பந்து அந்தக் கோடியில் இருந்தது. கீப்பர் கம்பத்தை விட்டு நாலு எட்டு முன்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் தூக்கி அடித்தால் முடிந்தது. பின்னால் போ, பின்னால் போ என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கழுத்தில் கிடந்த துண்டை உருவித் தலைக்கு மேல் வீசு வீசென்று வீசினேன். பின்னால் போகச் சொல்லித்தான் வீசினேன். பக்கத்தில் நின்றவர்களின் கண்ணெல்லாம் பந்தின் மேலேயே இருந்தது.

கீப்பர் திரும்பிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. கம்பத்தை அம்போ என்று விட்டுவிட்டு எங்கள் பக்கம் ஓடி வந்தார். லைனில் நின்ற பாயிடம் நேராக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா பாய், துண்டு வீசுனாங்களே, வூட்ல இன்னா ஆச்சி? சேதி வந்துச்சா?"

அவருக்குப் பின்னால், எதிர் டீம் ஆள் ஒருவன் பந்தை நடுவிலிருந்தே உருட்டிவிட்டான். காலி கம்பத்துக்குள் அது மெதுவாகத்தான் போனது. யாரும் ஓடிப்போய்த் தடுக்கவில்லை. எல்லோரும் கீப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடற்கரை ஆட்களுக்குத் துண்டு வீசுவது என்றால் என்ன என்று எனக்கு அன்று தெரியாது. கட்டுமரம் கடலில் இருக்கும்போது கரையில் குடும்பத்தில் ஏதாவது ஆகிவிட்டால், சாவோ, பிரசவமோ, கரையில் நிற்பவர்கள் துண்டைத் தலைக்கு மேல் வீசுவார்களாம். வலையை அறுத்துவிட்டாவது உடனே கரைக்கு வா என்று அதற்கு அர்த்தம். அந்த ஆளுகளோடு இருபது வருஷம் வியாபாரம் செய்த பாய்க்கு அது தெரியும். தோளில் துண்டு கிடந்தும் ஒரு நாளும் அவர் அதைக் கையில் எடுத்து ஆட்டியதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். அதையும் நாங்கள் கேலி செய்திருக்கிறோம்.

"வூட்ல ஒண்ணியும் இல்லடா. சேதி எதுவும் வர்ல. போ, போய் நில்லு" என்று பாய் கீப்பரின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். பிறகு தலையைத் திருப்பினார். மூன்று ஆள் தள்ளி நான் நின்றிருந்தேன். துண்டு இன்னும் என் கையில் இருந்தது. துண்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நான் துண்டைச் சுருட்டிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டேன். அதையும் பார்த்தார்.

அதற்குள் கூட்டம் கயிற்றைத் தாண்டிவிட்டது. "எவன்டா துண்டு வீசுனது? எவன்டா அவன்?" என்று என் பக்கத்தில் இருந்த, என்னை மச்சான் என்ற ஆளே கத்தினான். கையில் கல் எடுத்திருந்தான்.

"நான்தாம்பா கூப்ட்டேன்" என்றார் பாய்.

உரக்கச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. தோளில் துண்டு வேறு கிடந்தது, சந்தேகப்பட யாருக்கும் காரணம் இல்லை. வேண்டுமென்றே கீப்பரை வெளியே இழுத்தார், மேட்சை விற்றுவிட்டார் என்று ஒரு நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. மண்ணை வாரி இறைத்தார்கள். ஒரு செருப்பு வந்து அவர் நெஞ்சில் விழுந்தது. "மேட்ச வித்துட்டான், மேட்ச வித்துட்டான்" என்று கூட்டம் கத்தியது. அதில் என் குரலும் இருந்தது. சும்மாவாவது நின்றிருக்கலாம். நின்றால் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களோ என்று பயமாக இருந்தது. கத்தினேன்.

கீப்பரின் மனைவிக்கு இரண்டு நாள் கழித்துச் சுகப்பிரசவம் ஆனது. அதன் பிறகு அவர் எங்கள் மைதானத்துக்கு வரவேயில்லை. பாய் கூப்பிடப் போகவும் இல்லை.

மேட்சுக்கு மறுநாள் சாயங்காலமே கமிட்டிக் கூட்டம். ஒரு தையல் கடையின் மாடியில் டீமுக்குச் சந்தா கட்டிய முப்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மேனேஜரை நீக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். பாய் எதிரில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. கடைசியில் இருந்தவன் என் முழங்கையில் இடித்து, "இன்னா, யோசன பண்ணிகினு கீற?" என்றான். தூக்கினேன். பாய் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் கையிடம் வந்ததும் கொஞ்சம் நின்றார். பிறகு காற்றடிக்கும் பம்ப்பையும் இரண்டு பந்தையும் மேஜை மேல் வைத்துவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார்.

அடுத்து வந்த மேனேஜர் நன்றாகப் படித்தவர், ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவார். ஆனால் ஞாயிறு காலையில் யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டார். கீழ் டிவிஷனில் இரண்டாவது மேட்சுக்கு எங்கள் பக்கம் ஆறு பேர்தான் வந்தார்கள். ரெஃப்ரி கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, எதிர் டீம் ஜெயித்ததாக விசில் ஊதிவிட்டார். மைதானத்தைச் சுற்றிக் கயிறுகூட இல்லை. பார்க்க வந்த இருபது பேரும் யாரையாவது திட்டலாமா என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கலைந்தார்கள். டீம் அன்றோடு முடிந்தது. என்னை மச்சான் என்றவர்களை அதன் பிறகு கடைத்தெருவில்தான் பார்ப்பேன். தலையை லேசாக ஆட்டுவார்கள், போய்விடுவார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன், நன்றாகவே இறங்கியது. ஆனால் மார்க்கெட் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து அவர் கடை திறக்கிற நேரம் பார்த்துப் போனேன். கயிற்றை அளந்து சுற்றிக்கொண்டிருந்தார். "வா தம்பி, குந்து" என்றார்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். "பாய், அன்னிக்குத் துண்டு வீசுனது நான்தான்."

"தெர்யும்பா. பாத்தேன் இல்ல."

"அப்புறம் ஏன் பாய் நீங்க வீசுனதா சொன்னீங்க?"

"வேற இன்னா செய்யச் சொல்ற? உன்ன அங்கியே போட்டுப் பொளந்திருப்பானுங்க. என்ன அடிச்சா நாளைக்கி கயிறு வாங்க வரணுமேன்னு நெனைப்பானுங்க. உன்ன அடிச்சா இன்னா நெனைக்கப் போறானுங்க?"

மன்னிச்சிடுங்க பாய் என்று ஆரம்பித்தேன். அவர் கயிற்றைக் கீழே வைத்தார்.

"துண்டு நீ தெரியாம வீசுன. அதுக்கு உம்மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. மறுநாளு மாடியில கை தூக்குனியே தம்பி, அது தெரிஞ்சிதான தூக்குன?"

ஆமாம் என்றேன். அதை ஒப்புக்கொள்ளத்தான் போனேன் என்று இப்போது எழுதிக்கொள்ளலாம். அது பொய். பரவாயில்லை விடு என்று அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்கத்தான் போயிருந்தேன். அவர் சொல்லவில்லை. மறுபடி கயிற்றை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

"கடைக்கு ஆள் வருது, கொஞ்சம் நவுந்து நில்லு" என்றார். நகர்ந்து நின்றேன். வந்தவர் நூல் கேட்டார், பாய் எடுத்துக் காட்ட ஆரம்பித்தார். நான் நின்ற பக்கம் அவர் திரும்பவில்லை.